இழையும் பூட்டும்

விசைத்தறிகள் இயங்கும் சங்கரன்கோவிலில் இழையின் இயல்பை எவர்க்கும் கற்பிக்க வேண்டுவதில்லை; இழைகள் ஒழுங்கின்றிப் பின்னினால் துணி கெடும். கணிப்பொறியுள் ஒரே பொழுதில் இயங்கும் செயற்போக்குகளுக்கும் இழை என்பதே பெயர்.

முந்துரிமை வரிசையின் முதற்பணியை ஈரிழைகள் ஒருசேரப் பற்றினால், ஒரே பணி இருமுறை நடக்கும். அன்றேல் வரிசையே குலையும். ஆகவே பூட்டு வேண்டும். ஓரிழை உள்ளிருக்கப் பிறிதொன்று புகாமல் தடுக்கும் நெறியை ஆலந்து அறிஞர் தைக்சுட்ரா 1965-இல் வெளியிட்டார். 2004-இல் வந்த யாவா மொழியின் 5-ஆம் பதிப்பு, பூட்டமைந்த முந்துரிமை வரிசையை அணியமாகவே தந்தது.

அதனாலேயே காப்பு நிறைவுறுமா? உறாது! வரிசையில் பணி உண்டா எனப் பார்த்தலும் அதனை எடுத்தலும் இருவேறு செயல்களாயின், இடைப்பொழுதில் வேறோர் இழை அதனைக் கவரும். இரண்டும் ஒரே பூட்டினுள் அடங்குக. உரிமை ஒத்த பணிகளிடை வந்த முறையை அவ்வரிசை காவாது; வரவெண் சேர்க்க. உயருரிமைப் பணிகளே ஓயாது வரின், கடைப்பணி என்றும் கடையிலேயே கிடக்கும். காத்திருக்குந்தோறும் அதன் உரிமையை உயர்த்துக.

இழை, பூட்டு, வரிசை என்பன நம் வீட்டுச் சொற்கள். இவற்றாற் கற்பித்தால் நெசவாளர் வீட்டு மாணவரும் எளிதில் உணர்வர். உணராது ஒப்பித்து எழுதிய நிரலோ பணிமிகுந்த பொழுதிற்றான் குலையும்!