நாள் எண்ணும் வக்கீல்

டெல்லி தீஸ் ஹசாரி கோர்ட்டில் ஜூனியர் வக்கீலாக இருக்கும் நண்பரின் மகள் சென்ற வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். தொழிலுக்கு வந்து இரண்டு வருடம். "அங்கிள், 'விசாரணைக் கைதி' என்று எழுதுகிறீர்களே, விசாரணை எங்கே நடக்கிறது?" என்றாள். இருபது வருடமாக நான் மொழிபெயர்த்து வரும் சொல். பதில் இல்லை.

அவளுடைய கட்சிக்காரர் ஒரு கூலித் தொழிலாளி. செல்போன் திருட்டு வழக்கு. முதல் வழக்கும் அதுதான். இரண்டாவது மாதமே ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை நிற்க அந்த ஊரில் அவருக்கு யாருமில்லை. சாட்சி வரவில்லை, நீதிபதி விடுப்பு என்று வாய்தா மேல் வாய்தா. உள்ளே போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை மூன்று வருடம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 479ஆவது பிரிவுப்படி, முதல் முறை சிக்கியவர் தண்டனைக் காலத்தில் மூன்றிலொரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் பிணைப் பத்திரத்தில் விடவேண்டும். "இரண்டு மாதத்துக்கு முன்பே வெளியே வந்திருக்க வேண்டும். யாரும் நாளை எண்ணவில்லை. நான் உட்பட" என்றாள். குரல் கம்மியது. கம்பெனி வேலைக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறாளாம்.

1979இல் பீகார் சிறைகளைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியை வைத்துக்கொண்டுதான் கபிலா ஹிங்கோரானி என்ற வக்கீல் உச்ச நீதிமன்றம் போனார். குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் உள்ளே இருந்தவர்கள் அந்தச் சிறைகளில் இருந்தார்கள். அதுதான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. விரைவான விசாரணை அரசியல் சட்டத்தின் 21ஆவது ஷரத்து தரும் உரிமை என்றார் நீதிபதி பகவதி. அங்கேயும் எல்லாம் தொடங்கியது நாள் கணக்கில்தான்.

2022ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூவர் தண்டிக்கப்படாதவர்கள். சட்டம் இருக்கிறது. கணக்குப் பார்த்து மனுப்போட ஆள்தான் குறைவு.

இதையெல்லாம் அவளிடம் நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாததா? புறப்படும்போது என் மேஜையில் எழுதாமல் கிடந்த டைரியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கட்சிக்காரர்கள் உள்ளே போன தேதியைக் குறித்துவைக்க வேண்டுமாம். திங்கட்கிழமை முதல் மனு.