பள்ளிக்கூடத்துத் தாதி யாரிடம் கேட்பார்?



சென்ற இதழில் ஜீ.பி.யிடம் குடும்பத்தைப் பதிவு செய்வது பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த சகோதரி ஒருவர் கோயில் வாசலில் கண்டு மறித்தார். வந்து இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை. “அண்ணை, டொக்டரைப் பற்றி எழுதினியள். பள்ளிக்கூடத்து நேர்சைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையே? பிள்ளையை நிறுத்துப் பாத்துப்போட்டு வீட்டுக்குக் கடிதம் அனுப்பியிருக்கினம். எனக்குப் பயமாக் கிடக்கு” என்றார்.

இந்தப் பயம் எங்களுக்குத் தெரியாத பயமல்ல. இதை எழுதவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தோம், ஆனால் வீட்டுக் கதையும் சேர்ந்து வரும் என்பதால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தோம். இனித் தள்ளுவதில்லை.

ஊரில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் தாதி என்று ஒருவர் இருக்கவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வருவார். சில நாட்களில் டொக்டரும் வருவார். நாக்கை நீட்டு, கண்ணைத் திற, பூச்சி மாத்திரை விழுங்கு, அவ்வளவுதான். ஊசி என்ற சொல் வகுப்புக்குள் வந்தால் பின்மதிலால் பாய்ந்து ஓடியவர்களில் நாங்களும் அடக்கம். பிள்ளையைப் பார்ப்பார்கள், போவார்கள். வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கமாட்டார்கள். இங்கே இங்கிலாந்தில் கேட்பார்கள். பயம் அதில்தான் தொடங்குகிறது.

எங்கள் மகன் ரிசெப்ஷன் வகுப்பில் சேர்ந்த முதல் தவணை. வயது ஐந்து. உடற்பயிற்சிக்கு உடுப்பு மாற்றும்போது இடுப்புக்கு மேலே நீலமாக ஒரு அடையாளத்தை ரீச்சர் கண்டிருக்கிறார். இரவு ஷிப்ட் முடிந்து வந்து கண்ணயர்ந்த நேரத்தில் ரெலிபோன் அடித்தது. உடனே வரச் சொன்னார்கள். போனால் ஒரு சின்ன அறை, மூன்று கதிரை, மேசையில் ரிஷ்யூப் பெட்டி. அழுவதற்கு முன்பே ரிஷ்யூப் பெட்டி வைத்திருக்கும் அறைகளை நாங்கள் அகதி விசாரணையிலும் கண்டிருக்கிறோம். பிள்ளையின் தாய் அதைப் பார்த்ததுமே நடுங்கத் தொடங்கிவிட்டார்.

“இது எப்படி வந்தது?” என்று கேட்டார்கள். “பிறக்கும்போதே வந்தது” என்றோம். அதைச் சரியாகச் சொல்ல எங்கள் ஆங்கிலம் போதவில்லை. வீட்டில் பிள்ளைக்கு அடிப்பதுண்டா என்றும் கேட்டார்கள். பொய் சொல்லக்கூடாது என்று நினைத்து, பால் கிளாசைத் தட்டி ஊற்றியபோது ஒருநாள் கையில் ஒரு தட்டுத் தட்டினோம் என்பதையும் சொன்னோம். சொல்லி முடித்ததும் பிள்ளையின் தாய் எங்களைப் பார்த்த பார்வை இன்றைக்கும் மறக்கவில்லை. “ஏனப்பா இதைச் சொன்னனீங்கள்? பிள்ளையைக் கொண்டு போகப் போறாங்கள்” என்றார் தமிழில்.

பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லவில்லை. பிள்ளையின் உடம்பில் அடையாளம் கண்டால் கேட்கவேண்டியது அவர்கள் கடமை. மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டிருக்கலாம் என்பதுதான் எங்கள் மனக்குறை.

அப்போதுதான் தாதி வந்தார். இளம் பெண். ஒரு பெரிய பள்ளிக்கூடத்தையும் அதைச் சுற்றியுள்ள ஆறு சின்னப் பள்ளிக்கூடங்களையும் தான் ஒருத்தியே பார்ப்பதாகப் பிறகு சொன்னார். மகனோடு சிரித்துக் கதைத்து, முதுகைப் பார்த்து, விரலால் மெதுவாக அழுத்தி, நோகிறதா என்று கேட்டார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து, “எனக்கு இது நிச்சயமாகத் தெரியவில்லை. தெரிந்த ஒருவரிடம் கேட்கிறேன்” என்றார்.

தெரியவில்லை என்று ஒரு உத்தியோகத்தர் எங்கள் முன்னால் சொன்னதை அதற்கு முன் நாங்கள் கேட்டதேயில்லை.

அவர் ரெலிபோனில் கூப்பிட்டது வேறொரு பகுதியில் நெடுங்காலம் வேலை செய்த மூத்த தாதி ஒருவரை. மகனின் பெயரையோ எங்கள் பெயரையோ சொல்லவில்லை, வயதையும் அடையாளத்தையும் மட்டும் விபரித்தார். மறுமுனையிலிருந்து வந்த கேள்விகளை எங்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறந்தபோது இருந்ததா? அப்போது இதைவிடப் பெரிதாக இருந்ததா? குழந்தைப் படம் ஏதும் உண்டா? இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டுகிறவர்களா? அரைநாண்கயிற்றைப் பற்றி ஒரு வெள்ளைக்காரத் தாதி அறிந்திருந்தது எங்களுக்கு ஆச்சரியம். யாரோ ஒரு தமிழ்த் தாய் எப்போதோ சொல்லிக் கொடுத்திருப்பார்.

படம் இருந்தது. முப்பத்தொன்று கழிந்து, வவுனியாவில் அம்மம்மா கால் இரண்டையும் நீட்டிக் குழந்தையைக் குப்புறக் கிடத்தி எண்ணெய் பூசிக் குளிக்க வார்க்கும் படம். மாமி வைபரில் அனுப்பியது. அந்தப் படத்தில் முதுகின் அடிப்பாகம் முழுவதும் மேகம் படர்ந்ததுபோல் நீலம். ஐந்து வயதில் அதில் ஒரு துண்டுதான் மிஞ்சியிருந்தது.

இங்கே இதை நீலச் சாம்பல் மச்சம் என்ற பொருளில் புளூ கிரே ஸ்பொட்ஸ் என்கிறார்கள். முன்பு மங்கோலியன் ஸ்பொட் என்ற பெயரும் இருந்தது. ஆசிய, ஆபிரிக்கக் குழந்தைகளுக்கு மிகவும் சாதாரணம். தோலுக்கு ஆழத்தில் நிறமூட்டும் கலங்கள் தங்குவதால் வருவது. நோகாது, பெரும்பாலும் பள்ளிக்கூட வயதுக்குள் மங்கிவிடும், சிலருக்கு மிஞ்சும். அடிபட்ட கண்டல் சில நாட்களில் பச்சையாகி மஞ்சளாகி மறையும். இந்த மச்சம் நிறம் மாறாது. வெள்ளைத் தோலில் இது அரிது என்பதால் பார்த்துப் பழகாத கண்ணுக்குக் கண்டல்போலவே தெரியும். தாதி அத்தோடு விடவில்லை. ஜீ.பி.யிடம் அனுப்பி, அவரும் பார்த்து, மகனின் பதிவில் எழுதி வைத்தார்கள். கையில் தட்டியதைப் பற்றியும் எங்களோடு கதைத்தார். திட்டவில்லை. ஆனால் மழுப்பவும் இல்லை.

அலுவல் முடிந்த பிறகு தாதி எங்களிடம் ஒரு அனுமதி கேட்டார். தங்கள் தாதிகள் மாதம் ஒருமுறை கூடுவதாகவும், பெயர், ஊர், பள்ளிக்கூடம் எதுவும் சொல்லாமல் இதை அங்கே பேசலாமா என்றும் கேட்டார். பிள்ளையின் தாய் முதலில் வேண்டாம் என்றார். “எங்கடை பெயர் ஹோம் ஒபிசுக்குப் போனால்?” என்ற பயம். பேசப்போவது மச்சத்தைப் பற்றி, குடும்பத்தைப் பற்றியல்ல என்று தாதி விளங்கப்படுத்தினார். பிள்ளை ஒன்றுக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் இரகசியம் காக்க முடியாது, உரியவர்களிடம் சொல்லியே ஆகவேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அதன் பிறகுதான் சம்மதித்தோம்.

அடுத்த தவணையில் வாசலில் கண்டபோது, வேறொரு பள்ளிக்கூடத்தில் இதேபோல ஒரு பிள்ளை என்றும், இந்தமுறை தாய் தகப்பனைப் பதறப் பதற அழைக்கவில்லை, குழந்தைப் பதிவுக் கொப்பியைத்தான் முதலில் கேட்டார்கள் என்றும் சொன்னார். யாருடைய பிள்ளை என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எங்கள் பக்டரியில் ஷிப்ட் மாறும்போது பத்து நிமிடம் உண்டு. போகிறவர் வருகிறவரிடம் மெஷினை ஒப்படைக்கும் நேரம். தாளில் எழுதியிருப்பது ஒன்று, போகிறவர் வாயால் சொல்வது வேறு. “மூன்றாவது பெல்ற் இடது பக்கம் இழுக்குது, சத்தம் மாறினால் நிப்பாட்டு” என்று போலந்துக்காரர் ஒருவர் முதல் கிழமை எங்களுக்குச் சொல்லித் தந்தது எந்தப் பயிற்சிக் கொப்பியிலும் இல்லை. சொல்லியிராவிட்டால் எங்கள் விரல் போயிருக்கும். பள்ளிக்கூடத்துத் தாதிக்கு அந்தப் பத்து நிமிடம் இல்லை. ஆஸ்பத்திரித் தாதிக்கு அடுத்த கட்டிலில் இன்னொரு தாதி நிற்பார். பள்ளிக்கூடத்தில் ரீச்சர்மாருக்கு நடுவில் மருத்துவம் படித்தவர் அவர் ஒருவர்தான். தெரியாததைக் கேட்க ஆள் வேண்டுமென்றால் தாங்களே ஒரு வழி செய்துகொள்ளவேண்டும்.

அந்த வழியைச் சட்டமாகவும் வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டில் தாதியாகப் பதிவில் நீடிக்க வேண்டுமென்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவேண்டும். 2016 ஏப்ரலில் வந்த முறையின்படி, அந்த மூன்று வருடத்தில் 35 மணித்தியாலம் படித்திருக்கவேண்டும். அதில் 20 மணித்தியாலமாவது மற்றவர்களோடு கூடிப் படித்ததாக இருக்கவேண்டும், தனியே புத்தகம் வாசித்தால் கணக்கில் வராது. தன் வேலையில் கற்றதைப் பற்றி ஐந்து குறிப்பு எழுதி, இன்னொரு தாதியோடு உட்கார்ந்து அதைப் பற்றிக் கதைக்கவும் வேண்டும். இதைவிடப் பிள்ளைப் பாதுகாப்பு விடயங்களில் மூத்தவர் ஒருவரோடு ஒழுங்காக இருந்து பேசும் முறையும் உண்டு. சாதாரண தரத்தோடு படிப்பை விட்ட எங்களுக்கு, பட்டம் பெற்றவர்கள் இப்படித் தொடர்ந்து படிக்கிறார்கள் என்பது ஒருவித ஆறுதல். பிள்ளைப் பாதுகாப்பு வழக்குகளைத் தனியே சுமந்தால் மனம் உடையும் என்றும் அந்தத் தாதி சொன்னார். அது எங்களுக்கு நன்றாக விளங்கும்.

இந்த வேலை எப்படித் தொடங்கியது என்றும் தேடிப் பார்த்தோம். 1892இல் ஏமி ஹியூஸ் என்ற தாதி லண்டன் ட்ரூரி லேன் பகுதியில் ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். 1898இல் லண்டன் பள்ளிக்கூடத் தாதியர் சங்கம் உருவானது. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பள்ளிக்கூடங்களில் மருத்துவப் பரிசோதனை கட்டாயமானது.

ஆனால் எங்களை இழுத்தது நியூயோர்க்கில் நடந்தது. அங்கே டொக்டர்மார் பள்ளிக்கூடங்களுக்குப் போய், கண்நோய், பேன், சொறி உள்ள பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மருந்து கட்ட யாரும் இல்லை. பெரும்பாலும் எங்களைப்போல வந்தேறிய குடும்பங்களின் பிள்ளைகள். 1902 ஒக்ரோபரில் லீனா ரோஜர்ஸ் என்ற தாதி பரீட்சார்த்தமாக 4 பள்ளிக்கூடங்களில் இறங்கினார். பள்ளிக்கூடத்திலேயே மருந்து கட்டி, பின்னேரம் வீடுவீடாய்ப் போய்த் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தார். அவரைத் தொடர்ந்து மேலும் தாதிகளை நியமித்தார்கள். 1902 செப்டெம்பரில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567. 1903 செப்டெம்பரில் 1,101. இந்த லீனா ரோஜர்ஸ் கனடாக்காரர், ரொறன்ரோவில் தாதிப் படிப்புப் படித்தவர். 1910இல் அங்கேயே திரும்பிப் போய்ப் பள்ளிக்கூடத் தாதிச் சேவையை அமைத்தார். 1917இல் தான் கற்றதையெல்லாம் பின்வருகிற தாதிகளுக்காக ஒரு புத்தகமாக எழுதினார். இன்று எங்கள் சொந்தக்காரர் எத்தனை பேரின் பிள்ளைகள் அந்த ரொறன்ரோவில் படிக்கிறார்கள்!

பேன் என்றதும் ஒன்று. இன்று பேன் இருக்கிறதென்று பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் மறிக்கத் தேவையில்லை என்றுதான் இங்கே சொல்கிறார்கள். ஈர்கொல்லியும் பொறுமையும் இருந்தால் போதும். வெட்கப்பட்டு வீட்டில் மறித்து வைக்கும் தாய்மார் கவனிக்கவும்.

இனிக் கோயிலில் கண்ட சகோதரியின் கடிதத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் ரிசெப்ஷன் வகுப்பிலும் 6ஆம் வகுப்பிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நிறையும் உயரமும் எடுப்பார்கள். கணக்கை ரீச்சருக்கோ மற்றப் பிள்ளைகளுக்கோ காட்டமாட்டார்கள். விருப்பமில்லையென்றால் முன்கூட்டியே வேண்டாம் என்று அறிவிக்கலாம். கடிதத்தில் நிறை கூட என்றிருந்தால் அது குற்றப்பத்திரிகை அல்ல. கடிதத்திலுள்ள இலக்கத்துக்கு ரெலிபோன் எடுத்து, “தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்” என்று முதலிலேயே சொல்லுங்கள். காசு இல்லை. பிள்ளையை வைத்து மொழிபெயர்க்க வேண்டாம். தன் நிறையைப் பற்றித் தானே தாய்க்கு மொழிபெயர்க்கும் பிள்ளையின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

பிள்ளையைச் சேர்க்கும்போதே சொல்லவேண்டியவை சில உண்டு. பிறவி அடையாளங்கள், முட்டு வருத்தம், கச்சான் கயூ ஒவ்வாமை, ஊரில் போட்ட ஊசிகள். ஊர்க் கிளினிக் கொப்பியை எறியாமல் கொண்டு வந்திருந்தால் அதையும் காட்டுங்கள். முட்டுக்கு உரிய பம்பைப் பள்ளிக்கூடம் அவசரத்துக்கு வாங்கி வைத்திருக்க 2014 ஒக்ரோபரிலும், ஒவ்வாமைக்கு உரிய அட்ரினலின் ஊசியை வைத்திருக்க 2017 ஒக்ரோபரிலும் அனுமதி வந்தது. ஆனால் அது மேலதிகத்துக்குத்தான். உங்கள் பிள்ளையின் சொந்தப் பம்பும் ஊசியும் பெயர் எழுதிப் பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டும். 8ஆம் வகுப்பில் எச்.பி.வி. தடுப்பூசிக்குக் கடிதம் வரும். 2019 முதல் பொடியன்களுக்கும் உண்டு, 2023 செப்டெம்பர் முதல் ஒரே ஊசிதான். கையொப்பம் கேட்டு வரும் கடிதத்தைக் குளிர்பெட்டிக்கு மேலே வைத்து மறந்துவிடாதீர்கள். நாங்கள் மறந்திருக்கிறோம்.

ஒஸ்லோ வாசகர்களுக்கு ஒரு வரி. உங்கள் பள்ளிக்கூடத் தாதியை முன்பு ஹெல்செசொஸ்தர், அதாவது சுகாதாரச் சகோதரி என்பார்கள். ஆண்களும் அந்த வேலைக்கு வருவதால் 2019 முதல் பெயரை ஹெல்செசிக்கெப்லையர் என்று மாற்றிவிட்டார்கள். பழைய பெயரைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

அடுத்த இதழில் பள்ளிக்கூட மதியச் சாப்பாட்டு விண்ணப்பம் பற்றி எழுதுவோம். மரக்கறி மட்டும் சாப்பிடும் பிள்ளைகளின் தாய்மார் தங்கள் அனுபவங்களைக் கடிதமாக அனுப்பி வையுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம்.