கண்ணாடி மாளிகையும் தகரக் கொட்டகையும்

“மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுங்கள், அறையை விட்டுப் போகும்போது விளக்கை அணையுங்கள்” என்று சர்க்கார் ஆபீஸ்களில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆபீஸின் மொட்டைமாடியில் சித்திரை மாதப் பிற்பகலில் யாராவது வெறுங்காலுடன் நடந்து பார்த்தார்களா? மெல்லிய கான்கிரீட் தளம். மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி. கண்ணாடி வழியாக வெயில் உள்ளே நுழைகிறது. நுழைந்த சூடு வெளியே போக வழியில்லை. அதை விரட்ட அறைக்கு அறை ஏ.சி. யந்திரம். கட்டடத்தையே அடுப்பாகக் கட்டிவிட்டு, அதற்குள் வேகும் குமாஸ்தாவைப் பார்த்து “விசிறியை நிறுத்து” என்று உபதேசிக்கிறார்கள்!

ஏ.சி.யை 20 டிகிரிக்குக் கீழே இறக்க முடியாதபடி செய்யப்போவதாக 2025 ஜூனில் மத்திய மின்சார மந்திரி மனோகர் லால் கட்டார் அறிவித்தார். செய்யட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த எண் ஏ.சி. வைத்திருப்பவனுக்கு. தகரக் கூரையின் கீழ் எட்டு மணி நேரம் நிற்பவனுக்கு எந்த எண்? அதைச் சொல்ல எந்த மந்திரிக்கும் வாய் வரவில்லை.

நம் தோழர்களிலும் சிலர் கேட்கிறார்கள்: “கூலி உயர்வு, போனஸ், நிலம் என்று ஆயிரம் பிரச்னை இருக்கும்போது கட்டடத்தின் சூட்டைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? அது பணக்காரர்களின் பொழுதுபோக்கு அல்லவா?” இந்த வாதத்தை நாம் ஏற்கவில்லை. வீணாகும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 2023 ஜூலையில் கடலூர் ஜில்லா வளையமாதேவியில் கதிர் விடும் நெற்பயிரை மண் அள்ளும் யந்திரங்களைக் கொண்டு நசுக்கினார்கள். நெய்வேலி சுரங்கத்துக்காகப் பரவனாற்றின் வாய்க்காலைத் திருப்பவே அது நடந்தது. அந்த வயலில் நாற்று நட்டவர்கள் யார், அறுவடைக் கூலியை எதிர்பார்த்து நின்றவர்கள் யார்? எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின்நிலையத்துச் சாம்பல் படிந்து பிழைப்பை இழந்த மீனவர்கள் யார்? மேலே ஒரு யூனிட் வீணானால், கீழே ஒரு பாட்டாளியின் நிலமோ நீரோ சுவாசமோ பறிபோகிறது. இதையா பொழுதுபோக்கு என்பது?

கணக்கைப் பார்ப்போம். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று ஓடும்போது ஏறக்குறைய 1,500 வாட் இழுக்கிறது. பழைய மாதிரி மின்விசிறி 75 வாட். அதாவது ஒரு அதிகாரியின் அறைக் குளிர்ச்சி இருபது விசிறிகளுக்குச் சமம். புது மாதிரி விசிறிக்கு 30 வாட் போதும். தினம் எட்டு மணி வீதம் வருஷத்தில் 250 நாள் ஓடினால் ஒரு விசிறியில் 90 யூனிட் மிச்சம். நூறு விசிறி உள்ள ஆபீஸில் 9,000 யூனிட்.

சூட்டை உள்ளே விடாமல் கட்டுவது ஒன்றும் அயல்நாட்டு ரகசியமல்ல. சென்னையின் பழைய கட்டடங்களைப் பாருங்கள். கனத்த சுவர், உயர்ந்த கூரை, சுற்றிலும் தாழ்வாரம். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செருகி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கிய தளம். அடித்தவர்கள் பெண் கூலிகள். (வெள்ளைக்காரன் அதைத் தன் சௌகரியத்துக்குத்தான் கட்டிக்கொண்டான், பங்கா இழுக்க நம் ஆளை வாசலில் உட்கார வைத்தான் என்பதையும் மறக்கவில்லை.) இன்றும் மாடிக்கு வெள்ளையடித்தாலே உள்ளே 2 டிகிரி முதல் 5 டிகிரி வரை குறைகிறது. 2010 மே மாத வெயிலில் அகமதாபாத் நகரத்தில் வழக்கத்தைவிட 1,300 பேருக்கு மேல் கூடுதலாக மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் 2013-இல் அங்கே வெப்பத் திட்டம் வந்தது, குடிசைக் கூரைகளுக்கு வெள்ளையடித்தார்கள். தெலங்கானா 2023-இல் சர்க்கார் கட்டடங்களுக்கு இதைக் கட்டாயமாக்கிக் கொள்கை வகுத்தது. பொதுப்பணி இலாகா இன்ஜினீயர்களுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. ஆனால் சுண்ணாம்பில் கான்டிராக்டருக்கு என்ன லாபம்? கண்ணாடியிலும் ஏ.சி.யிலும்தானே இருக்கிறது!

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம், 2007-இல் கட்டட விதித் தொகுப்பு, 2022-இல் திருத்தம். ஆனால் விதித் தொகுப்பின் பிடி 100 கிலோவாட் இணைப்புக்கு மேற்பட்ட பெரிய கட்டடங்களுக்கு வகுத்தது. ரேஷன் கடையும் அங்கன்வாடியும் கிராமத்துப் பள்ளிக்கூடமும் அதன் கண்ணில் படுவதில்லை. களையெடுத்துவிட்டு வரும் தாய் பிள்ளையை விட்டுப் போகும் அங்கன்வாடி அறை எத்தனை டிகிரி என்று அளக்க ஆளில்லை.

பொதுத்துறை மனது வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கும் அத்தாட்சி உண்டு. 2014-இல் 310 ரூபாய்க்குக் கொள்முதலான எல்.இ.டி. பல்பு, பொதுத்துறை மின் நிறுவனங்களின் கூட்டுக் கம்பெனி மொத்தமாக வாங்கியதால் 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. “தனியார் போட்டிதான் விலையைக் குறைக்கும்” என்று ஓயாமல் ஓதுகிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்? விசிறியையும் மோட்டாரையும் அப்படியே வாங்கினால் என்ன?

மில்லுக்கு வருவோம். நூல் அறுந்துபோகாமலிருக்க ஈரப்பதம் வேண்டுமென்று ஸ்பின்னிங் ஷெட்டின் ஜன்னல்களை அடைத்து வைக்கிறார்கள். உள்ளே ரிங் பிரேம்கள் இழுக்கும் மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. அதில் பெரும்பகுதி ஷெட்டுக்குள்ளேயே, தொழிலாளியின் உடம்பின்மேல் இறங்குகிறது. ஆகவே பழைய மோட்டாரை மாற்றினால் முதலாளிக்கு பில் குறையும், தொழிலாளிக்கு வேக்காடும் குறையும். இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் முதலாளியின் “சிக்கனம்” பல இடங்களில் வேறு வழியில் போகிறது. காற்றும் ஈரமும் தரும் பெரிய விசிறிகளின் வேகத்தைக் குறைத்து, பிரேம்களின் வேகத்தைக் கூட்டுவது என்ன சிக்கனம்? அது தொழிலாளியின் வியர்வையில் பில் கட்டுவது. 2012-இல் தொடங்கிய சர்க்கார் திட்டமொன்று, இலக்குக்கு மேல் மிச்சம் பிடித்த பெரிய ஆலைகளுக்குச் சர்டிபிகேட் கொடுத்து, அதைச் சந்தையில் விற்கவும் வழி செய்தது. ஜவுளி ஆலைகளும் அதில் சேர்ந்தவையே. மிச்சத்துக்குச் சர்டிபிகேட் முதலாளிக்கு. ஷெட்டுக்குள் என்ன சூடு என்று கேட்க ஒரு ஷரத்துமில்லை!

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13-வது பிரிவு, சுவரும் கூரையும் முடிந்த அளவுக்குச் சூட்டைக் குறைக்கும்படி அமைய வேண்டும் என்று பச்சையாகவே சொல்லியது. முதலாளிகள் அதை மதித்தார்களா என்பது வேறு விஷயம். காட்டிக் கேட்க ஒரு வாசகமாவது இருந்தது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்தில் காற்றோட்டம், வெப்பம், ஈரப்பதம் எல்லாவற்றையும் சர்க்கார் விதிகளில் வகுக்கும் என்று தள்ளிவிட்டார்கள். இன்ஸ்பெக்டருக்குக்கூட “ஆய்வாளரும் வசதி செய்பவரும்” என்று பெயர் மாற்றியாகிவிட்டது. யாருக்கு வசதி என்று கேட்க வேண்டியதில்லை!

ஆகவே நாம் கேட்கிறோம். ஷெட்டுக்குள் இருக்கக்கூடிய வெப்பத்துக்கு டிகிரியில் உச்சவரம்பு விதித்து, அதை மீறினால் சம்பளத்தோடு வேலையை நிறுத்தும் உரிமையை எழுத்தில் தர வேண்டும். மிச்சமாகும் மின்கட்டணத்தில் ஒரு பங்கு ஷெட்டின் கூரைக்கும் காற்றோட்டத்துக்கும் செலவாக வேண்டும். கணக்கைத் தொழிற்சங்கம் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி கூரைகளுக்குச் சுண்ணாம்படிப்பதையும் சுற்றிலும் மரம் நடுவதையும், வயலில் வேலையில்லாத சித்திரை, வைகாசி மாதங்களில், கான்டிராக்டர் இல்லாமல், பஞ்சாயத்து மூலம் விவசாயத் தொழிலாளர்களுக்கே நியாயமான கூலிக்குக் கொடுக்க வேண்டும்.

சங்கக் கிளைகள் இப்போதே ஒரு காரியம் செய்யலாம். ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஷிப்டுக்கு மூன்று முறை, ஒரே இடத்தில், தேதியும் மணியும் போட்டு நோட்டில் குறித்து, அங்கே நிற்கும் இரண்டு பேர் கையெழுத்திடுங்கள். கிராமக் கிளைகள் அங்கன்வாடியிலும் ரேஷன் கடையிலும் பகல் இரண்டு மணிக்கு அளக்கட்டும். ஒரு மாதக் குறிப்பைப் பத்திரிகைக்கு அனுப்புங்கள்; மில் பெயரோடு வெளியிடுவோம். அசல் நோட்டை மட்டும் கிளையிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கலெக்டரிடம் மகஜர் கொடுக்கும்போது அது வேண்டியிருக்கும்.