மாலை சூடிய நாயும் மறிக்கப்பட்ட மனிதனும்

நேபாளத்தில் தீபாவளியை ஒட்டி வரும் திகார் விழாவின் இரண்டாம் நாள் நாய்களுக்குரியது. குகுர் திகார் என்பது அதன் பெயர். வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் அன்று கழுத்தில் பூமாலை, நெற்றியில் திலகம், வயிறார உணவு. காவல் காத்த உயிருக்குக் காட்டும் இந்நன்றியை நாம் பழிக்கவில்லை, பாராட்டுகிறோம்.

ஆயின் ஒன்று கேட்போம். அந்நாட்டில் தீண்டாமைக்கு இருந்த சட்ட ஆதரவு 1963இலேயே நீக்கப்பட்டது. எனினும் அக்கொடுமையைத் தண்டிக்க 2011இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. ஏன்? நாயின் நெற்றியைத் தொட்டுத் திலகமிட்ட கைகளே தலித்தின் கைத்தண்ணீரை ஏற்க மறுத்தமையாலன்றோ?

நேபாளத்தை நோக்கி நகைக்க நமக்கும் தகுதியில்லை. யாழ்ப்பாணத்து வைரவர் கோயில்களில் நாய் கடவுளின் வாகனம், வணக்கத்திற்குரியது. ஆனால் 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் மனிதர் மறிக்கப்பட்டனர்.

குற்றம் நாயினுடையதன்று. சோறிட்ட கையின் சாதியை அது மோந்து பார்ப்பதில்லை. அதற்கு மாலை சூட்டுவோர் அந்த ஒரு பாடத்தையேனும் அதனிடம் கற்கட்டும். மனிதர் அனைவருக்கும் வாயில் திறவாத விழாவில் நாய்க்குச் சூட்டும் மாலை அன்பின் அடையாளமாகாது, வெறும் அலங்காரமே.