ஒரு நாளைக்கு ஆறே முக்கால் ரூபாய்கூட இல்லை!

படுத்த படுக்கையா இருக்கற ஒருத்தரை வீட்ல வச்சுப் பார்த்திருக்கீங்களா? பார்த்திருந்தா இந்தப் பதிவுல பாதி உங்களுக்கு முன்னாடியே தெரியும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லேன்னா இடுப்புல படுக்கைப் புண் வந்துரும். டயப்பர் மாத்தணும், உடம்பு துடைக்கணும், புரை ஏறாம கஞ்சி ஊட்டணும். ராத்திரியும் இதே வேலைதான்.

வறுமைக் கோட்டுக்குக் கீழ இருக்கற ஒரு 70 வயசு பாட்டிக்கு ஒன்றிய அரசு தர்ற முதியோர் ஓய்வூதியம் மாதம் 200 ரூபாய். ஆமாங்க, இருநூறு. 30 நாளால வகுத்துப் பாருங்க. ஒரு டயப்பர்ல கால்வாசிகூட வராது.

இந்த 200 ரூபாய் 2007ல இருந்து அப்படியே இருக்கு. அப்போ ஒண்ணாம் கிளாஸ் போன பையன் இஞ்சினியரிங் முடிச்சு இந்தப் பதிவை டைப் பண்ணிக்கிட்டு இருக்கான், அந்த 200 மட்டும் வளரவே இல்லை. 80 வயசு தாண்டினா 500. மாற்றுத்திறனாளிக்கு 300. அதுவும் 80 சதவீத ஊனம் இருக்கணும், 18 வயசு முடிஞ்சிருக்கணும். ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இதை உயர்த்துங்கன்னு திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்துருச்சு. பதில்?

ஆனா எம்.பி. சம்பளம் விலைவாசிக்கு ஏத்த மாதிரி தானா ஏறணும்னு 2018லயே சட்டம் போட்டாச்சு. 2025 மார்ச்ல ஒரு லட்சம் 1,24,000 ஆச்சு. எங்க எம்.பி.க்களுக்கும் சேர்த்துத்தான், மறைக்கல. விலைவாசி ஏறினது எம்.பி.க்குத் தெரியுது, படுக்கைல கிடக்கற பாட்டிக்கு மட்டும் ஏறலையா?

தமிழ்நாட்ல முதியோருக்கு 1200 ரூபாய். 2023லதான் ஆயிரத்துல இருந்து 1200 ஆச்சு. ஒன்றிய அரசுத் திட்டத்துல வர்ற முதியவருக்கும் இதே தொகைதான்: 200 அவங்க காசு, மீதி 1000 நம்ம மாநிலத்தோட காசு. ஆனா திட்டத்துக்குப் பேரு மட்டும் அவங்களுது. இதைக் கொடுத்தா இலவசம், ரேவடின்னு கிண்டல் வேற.

"பெத்தவங்களைப் பார்த்துக்கறது பிள்ளைங்க கடமை, இதுல அரசுக்கு என்ன வேலை?"ன்னு கமெண்ட்ல வருவாங்க. வாங்க, பேசுவோம். அந்தக் கடமைக்குத்தான் 2007ல பெற்றோர் பராமரிப்புச் சட்டமே இருக்கு. தீர்ப்பாயம் போனா அதிகபட்சம் மாதம் 10,000 ரூபாய் வாங்கித் தர முடியும். சென்னைல ஏஜென்சி மூலமா வீட்டோட இருந்து பார்த்துக்க ஆள் வைக்க 20,000க்குக் குறைஞ்சு கிடைக்கறது கஷ்டம். சட்டம் சொல்ற உச்சவரம்பை முழுசா வாங்கினாலும் பாதி மாசத்துக்குத்தான் ஆள்.

அந்த 10,000 உச்சவரம்பை எடுக்கவும், வீட்டுக்கே வந்து பராமரிக்கற நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சத் தரம் வைக்கவும் 2019 டிசம்பர்ல இதே ஒன்றிய அரசு ஒரு திருத்த மசோதா கொண்டு வந்தது. நல்ல மசோதாதான், அதையும் சொல்லிடறோம். நிலைக்குழுவுக்குப் போச்சு, 2021ல அறிக்கையும் வந்தது. அப்புறம்? மூணு வருஷம் தூங்கிட்டு, 2024ல மக்களவை கலைஞ்சதோட காலாவதி ஆயிருச்சு. வேளாண் சட்டங்களை ஒரே கூட்டத்தொடர்ல நிறைவேத்தத் தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மட்டும் நேரம் கிடைக்கல.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை எடுங்க. பிரிவு 24ல உயர் ஆதரவு தேவைப்படறவங்களுக்கு பராமரிப்பாளர் உதவித்தொகைன்னு எழுதியிருக்கு. கூடவே 'பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு'ன்னு ஒரு வரி. அந்த ஒரு வரிதான் கதவுக்குப் போட்ட தாழ்ப்பாள்.

70 வயசுக்கு மேல எல்லாருக்கும் 5 லட்சம் ஆயுஷ்மான்னு விளம்பரம் பார்த்திருப்பீங்க. அது ஆஸ்பத்திரில சேர்ந்தாத்தான். டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 15 நாள் வரைக்கும் செலவைப் பார்த்துக்கும். பக்கவாதம் வந்தவர் பதினாறாவது நாள் எழுந்து நடந்துருவாரா? அப்போ யார் வேலையை விட்டுட்டு வீட்ல உட்காருவா? உங்க வீட்ல யாருன்னு யோசிச்சுப் பாருங்க. அம்மா, அக்கா, மருமகள். பெரும்பாலும் அப்பாவோ அண்ணனோ இல்லை. 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வுல 15 முதல் 59 வயசுப் பெண்கள்ல 41 சதவீதம் பேர் வீட்ல யாரையாவது பராமரிக்கறாங்க, ஆண்கள்ல சுமார் 21 சதவீதம். (குழந்தை வளர்ப்பும் இதுல சேரும்.)

இது தமிழ்நாட்டை ஏன் கூடுதலா அடிக்குதுன்னா, குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்கா செஞ்சோம். 2021 மதிப்பீட்டுப்படி நம்ம மக்கள்தொகைல 60 தாண்டினவங்க 13.6 சதவீதம், இந்திய அளவுல 10.1. பிள்ளைங்க குறைவு, பெரியவங்க அதிகம். செலவு நமக்கு. ஆனா 15வது நிதிக்குழு கொடுத்த வரிப் பங்கு 4.079 சதவீதம். ஒழுங்கா நடந்ததுக்கு அபராதம், மூப்புக்கும் தனி பில்!

2021 ஆகஸ்ட் 5, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல பி.பி., சுகர் மாத்திரை வீடு தேடி வருது. பிசியோதெரபிஸ்ட் வர்றார், வலி தணிப்புச் சிகிச்சைக்கு நர்ஸ் வர்றாங்க. 2024ல ஐ.நா. விருதும் வாங்கியாச்சு. இதுவும் போதாதுங்க. நர்ஸ் வந்துட்டுப் போன மீதி நேரமெல்லாம் குளிப்பாட்டறது, புரட்டிப் போடறது இன்னும் அந்த மருமகள்தான். பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து, அந்த வேலைக்கு ஆள் அனுப்பணும். அதுக்கு காசு வேணும், அந்தக் காசைத்தான் கேக்கறோம்: 200ஐ உயர்த்து, காலாவதியான மசோதாவைத் திரும்பக் கொண்டு வா, பிரிவு 24க்கு நிதி ஒதுக்கு.

உங்க வீட்லயோ தெருவுலயோ படுக்கைல யாராவது இருந்தா, உங்க பகுதி மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர்கிட்டயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ பேரைப் பதிஞ்சிருங்க. பதிஞ்சும் யாரும் வரலைன்னா கமெண்ட்ல மாவட்டமும் ஒன்றியமும் மட்டும் போடுங்க. நோயாளி பேரு, போன் நம்பர் போட வேண்டாம், நாங்களே இன்பாக்ஸ்ல வர்றோம்.

#இருநூறு_ரூபாய்_ஓய்வூதியம்