வெள்ளத்தில் காப்பாற்றியதற்குக் கூலி மலையா?

2018 வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க எங்கள் ஃபோர்-வீல் டிரைவ் வண்டிகள் ஓடின, ஆகவே இடுக்கியின் வாகமண் மலைகளை எங்கள் ஆஃப்-ரோடு ஓட்டத்துக்குத் திறந்துவிடுங்கள் என்று கொச்சி காக்கநாட்டு நண்பர் ஒருவர் சென்ற இதழில் எழுதியிருக்கிறார். முன்பாதி உண்மை. ஸ்நார்கெல் குழாய் மாட்டிய ஜீப்புகள் இடுப்பளவு நீரில் இறங்கியதை எர்ணாகுளத்துக்காரர்கள் மறக்கவில்லை. ஆனால் அந்த நன்றியை ஏழாண்டு கழித்து ரசீதாக நீட்டுவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

அதே வெள்ளத்தில் கொல்லத்திலிருந்தும் ஆலப்புழையிலிருந்தும் மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எந்த ஜீப்பும் போக முடியாத ஆழத்தில் போனார்கள். மதிலிலும் மரத்திலும் மோதிப் பல வள்ளங்கள் உடைந்தன. கேரளத்தின் சொந்தப் படை என்று முதல்வர் பினராயி விஜயன் அவர்களைப் பாராட்டினார். அவர்களில் யாரும் மறுவாரம் வந்து, இடுக்கி அணைக்குள் வள்ளம் விட்டு விளையாட அனுமதி கேட்கவில்லை. கடலுக்குத் திரும்பிப் போனார்கள்.

இன்ஃபோபார்க் ஐ.டி. வளாகத்தில் வாரம் முழுக்க ஏசி அறையில் அடைந்து கிடப்பவனுக்குச் சனிக்கிழமையாவது கொஞ்சம் சேறு வேண்டும் என்கிறார் நண்பர். வேண்டும்தான், அந்த ஆசையை நான் கேலி செய்யவில்லை. லோ ரேஞ்ச் கியரில் போட்டு, பிரேக்கை நம்பாமல், ஒரு செங்குத்துச் சரிவில் வண்டியை இறக்குவது தேர்ந்த கைக்குரிய வேலை. அந்தச் சேறு யாருடையது என்பதுதான் தகராறு.

அதற்கும் அவரிடம் பதில் இருக்கிறது. தனியார் தோட்டம், உரிமையாளர் சம்மதித்தார், ஊருக்கு என்ன நஷ்டம் என்கிறார். 2022 மே மாதம் வாகமண்ணில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்த ஆஃப்-ரோடு நிகழ்ச்சியை வைத்துத்தான் இந்தப் பேச்சு. மாவட்ட நிர்வாகத்தின் தடையை மீறி அது நடந்ததாக கே.எஸ்.யூ. மாணவர் அமைப்பு புகார் கொடுத்தது. அங்கே வண்டி ஓட்டிய நடிகர் ஜோஜு ஜார்ஜ் 5,000 ரூபாய் அபராதம் கட்டினார். நண்பரின் கண்ணுக்கு இதெல்லாம் பொறாமைக்காரர்களின் வேலையாகத் தெரிகிறது.

தோட்ட நிலம் எப்படித் தோட்டமாக நிற்கிறது என்று அவர் விசாரித்திருக்கலாம். 1963-ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஐந்து பேர் வரையுள்ள ஒரு குடும்பம் 15 ஏக்கருக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேயிலை, காப்பி, ஏலம், ரப்பர் போன்ற தோட்டப் பயிர்களுக்கு விலக்கு உண்டு. நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒருவர் கையில் இருப்பதே, அங்கே பயிர் நிற்கிறது என்ற ஒரே காரணத்தால்தான். அதே நிலத்தில் சேற்றுப் பந்தயம் விட்டுவிட்டு, என் சொந்த நிலம் என்று மார்தட்டினால், விலக்கு எதற்கு என்று நிலமில்லாத தோட்டத் தொழிலாளி கேட்கமாட்டாரா?

மண்ணைப் பற்றி ஒரே வரியில் தாண்டிவிட்டார்: டயர் தடம் ஒரு மழையில் அழிந்துவிடுமாம். அழியாது, ஆழமாகும். வாகமண்ணின் மொட்டைக் குன்றுகளில் மேல்மண் மெல்லியது, அதைப் பிடித்து வைத்திருப்பது புல்லின் வேர். மட் டயர் ஓரிடத்தில் நின்று சுழன்றால் முதலில் கிழிவது அந்த வேர்தான். சரிவில் நேராக இறங்கும் தடம் மழைக்கு வாய்க்கால். மே மாதம் தடம் போட்டால் ஜூனில் இடவப்பாதிப் பருவமழை வந்து மிச்ச வேலையை முடிக்கும். வாகமண் மலையடிவாரத்திலுள்ள கூட்டிக்கலில் 2021 அக்டோபரில் மண்சரிந்து பலர் செத்தார்கள். அதற்கு ஜீப் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சரியும் மலையை, ஏழே மாதத்தில், விளையாட்டுக்கென்று கீறிப் பார்த்தார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

கட்டுரையில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் கொழுக்குமலை. பயணிகளை ஏற்றிக்கொண்டு சூரியநெல்லி ஜீப்காரர்கள் அங்கே ஓட்டலாம், நாங்கள் ஓட்டக்கூடாதா என்கிறார். கொழுக்குமலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில், ஜீப் பாதை இருப்பது இடுக்கிப் பக்கம். அந்த டிரைவர்கள் வருடக்கணக்காக ஒரே பாதையில், ஃபர்ஸ்ட் கியரில், நடக்கும் வேகத்தில் ஏறி இறங்குகிறார்கள். புதுப் புல்லைத் தேடிப் போவதில்லை, மரத்தில் வின்ச் கட்டி இழுப்பதில்லை. அது அவர்களுக்குப் பிழைப்பு. 2025 ஜூலையில் மூணாறு அருகே ஜீப் கவிழ்ந்து சுற்றுலாப் பயணி ஒருவர் இறந்தபோது, இடுக்கி மாவட்டம் முழுக்க ஜீப் சவாரி நிறுத்தப்பட்டது. அன்று அடுப்பு அணைந்தது சூரியநெல்லியில். காக்கநாட்டு அடுக்குமாடியில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. தன் பொழுதுபோக்குக்கு அந்த மனிதர்களைக் கேடயமாகப் பிடிப்பது அழகில்லை.

வண்டியை மாற்றியமைக்கத் தடை விதிப்பது மடமை என்றும் பொருமியிருக்கிறார். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் கேரளத்திலிருந்து போன வழக்கில். பிடிக்கவில்லையென்றால் சட்டத்தைத் திருத்தப் போராடட்டும். அதுவரை லிஃப்ட் கிட் மாட்டிய வண்டி பொதுச்சாலையில் வரக்கூடாது, அவ்வளவுதான்.

அமெரிக்காவைப் பார் என்று முடிக்கிறார். பார்ப்போமே. நிலத்துக்குப் பஞ்சமில்லாத அந்த நாட்டிலேயே, 1972-இல் அதிபர் நிக்சன் ஆணை எண் 11644-ஐப் பிறப்பித்தார். அரசு நிலத்தில் ஆஃப்-ரோடு வண்டிகள் எங்கே ஓடலாம், எங்கே ஓடக்கூடாது என்று வரையறுக்கச் சொன்ன ஆணை அது. மண்ணுக்கும் காட்டுயிருக்கும் சேதம் குறையும்படி தடங்களை அமைக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நண்பர் காட்டும் அமெரிக்கா அவர் வாதத்துக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது.

அப்படியானால் எங்கே ஓட்டுவது? வெட்டி முடித்துக் கைவிட்ட கல் குவாரிகளும் செம்மண் மேடுகளும் எர்ணாகுளம் மாவட்டத்தில் உண்டு. காயப்பட்ட நிலம் அது, இனிமேல் கெடுவதற்கு அங்கே அதிகம் மிச்சமில்லை. தண்ணீர் தேங்காத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வாடகை கட்டுங்கள், காப்பீடு எடுங்கள், வாசலில் ஆம்புலன்ஸ் நிறுத்துங்கள், வண்டியை டிரக்கில் ஏற்றிக் கொண்டுபோங்கள். நானே டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்க வருகிறேன். கலெக்டர் அலுவலகம் காக்கநாட்டிலேயேதான் இருக்கிறது, மனு கொடுக்க ஃபோர்-வீல் டிரைவ்கூடத் தேவையில்லை.