புதிய டிராம்போனைச் சோதிக்கும் முறை

புதிய வாத்தியம் வாங்கப் போகிறவர்கள் கடையில் அதை உரக்க ஊதிப் பார்க்கிறார்கள். சிறிய அறையில் நாதம் கணீரென்று எழும்பியதும் மயங்கிவிடுகிறார்கள். சிம்பொனி இசைக்குழுவில் டெனார் டிராம்போன் வாசிப்பவர் இந்த மயக்கத்துக்கு இடம் கொடுக்கலாகாது.

மும்பை நாரிமன் பாயின்டில் உள்ள தேசிய நிகழ்த்துகலை மையத்தில் 2006-ஆம் ஆண்டு இந்திய சிம்பொனி இசைக்குழு தொடங்கப்பட்டது. இத்தகைய குழுக்களின் கச்சேரிக்குப் போனவர்கள், மேடையின் பின்பக்கம் நீண்ட பித்தளைக் குழாயை நீட்டியும் மடக்கியும் வாசிப்பவர்களைப் பார்த்திருப்பார்கள். அதுவே டிராம்போன். வழக்கமாக மூவர் இருப்பர்; இருவருக்கு டெனார், ஒருவருக்கு பாஸ். மூவரின் நாதமும் ஒன்றாகக் கலக்க வேண்டும்.

டெனார் டிராம்போனின் குழாயை நிமிர்த்தினால் சுமார் 9 அடி இருக்கும். இழுகுழாய்க்கு 7 நிலைகள் உண்டு. துளையோ கட்டையோ இல்லாததால் காதுதான் அளவுகோல். முதல் நிலையிலேயே ஒரு சுரம் சற்று இறங்கியும் இன்னொன்று சற்று ஏறியும் நிற்பது இதன் இயல்பு. அதைக் கையால் சரிக்கட்ட வேண்டும். பழைய கருவியில் பழகிய கை, புதியதில் சில நிமிடங்களில் பழகிவிடுமா?

இன்னொரு சங்கடமும் உண்டு. 1808-இல் அரங்கேறிய பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் முதல் மூன்று பகுதிகளுக்கு டிராம்போன்காரர்களுக்கு வேலை கிடையாது. நான்காவதில் முழக்கத்துடன் நுழைய வேண்டும். 1876-இல் அரங்கேறிய பிராம்ஸின் முதல் சிம்பொனியிலும் மூன்று பகுதிகள் சும்மா இருந்துவிட்டு, நான்காவதில் மெல்லிய குரலில் கூட்டிசை வாசிக்க வேண்டும். கருவி ஆறிப்போயிருக்கும், உதடும் ஆறிப்போயிருக்கும். முதல் ஊதலிலேயே சுரம் பிசகாமல் வர வேண்டும். கடையில் நடக்கும் சோதனை முழக்கத்துக்கு மட்டுமே, மென்மைக்கு அல்ல.

நல்ல வித்வான் எந்தக் கருவியிலும் வாசிப்பார் என்று சிலர் வாதிடலாம். வாசிப்பார்தான். ஆனால் ஒவ்வாத கருவியோடு மல்லுக்கட்டினால் கச்சேரி முடிவதற்குள் உதடு களைத்துவிடும். பல மாதச் சம்பளத்தைக் கொட்டி அந்தக் கஷ்டத்தை விலைக்கு வாங்குவானேன்?

ஆகவே, பழகிய மவுத்பீஸையே புதிய கருவியில் பொருத்தி ஊத வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் கருவியினுடையது என்று தெரியும். அரை மணி நேரம் கீழே வைத்துவிட்டு, எடுத்தவுடன் மெதுவாக ஊதிப் பார்க்க வேண்டும். பிறகு ஒத்திகையில் மற்ற இருவருடன் சேர்ந்து வாசிக்க வேண்டும். டிராம்போனின் வாய் முன்னோக்கி இருப்பதால், வாசிப்பவர் காதில் விழுவது வேறு, சபையோர் காதில் விழுவது வேறு. அரங்கின் கடைசி வரிசையில் விஷயம் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, எது பழையது, எது புதியது என்று சொல்லாமல் இரண்டையும் வாசித்துக் காட்டி, அவர் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும்.

இதற்குச் சில நாட்களாவது தேவை. விற்பவர்கள் அந்த அவகாசத்தைத் தர வேண்டும். இசைக்குழு நிர்வாகிகள் ஒத்திகையில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். தபாலில் தருவிப்பவர்கள், திருப்பி அனுப்பும் நிபந்தனையை முதலிலேயே எழுத்தில் பெற வேண்டும். கூட இருப்பவர்களும் சரியென்று சொன்ன பிறகு பணம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.